டஜன்னா எப்பவும் பன்னெண்டு தானா?

குடியாத்தத்துல இருந்து பேங்க் எக்ஸாமுக்கு படிக்கிற ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு தான் இந்த பதில். அவர் கேட்டதை சுருக்கமா சொல்லிடறேன். மாக் டெஸ்ட்ல 'ஐ பாட் டூ டஜன்ஸ் பனானாஸ்'னு ஒரு வாக்கியம் குடுத்து தப்பு எங்கன்னு கேட்டிருக்காங்க, 'டஜன்ஸ்'ல தான் தப்புன்னு ஆன்சர் கீ சொல்லுது, ஆனா இங்கிலீஷ் பேப்பரை தொறந்தா 'டஜன்ஸ் ஆஃப் பீப்பிள் இஞ்சர்ட்'னு போட்டிருக்காங்க, அங்க எஸ் வரலாம் இங்க வரக்கூடாதுன்னா இது இன்னா கணக்கு, அப்பால இந்த டஜன்ஸ் ஆஃப்னா எத்தனை பேரு, இருபத்திநாலா முப்பத்தாறா, பேக்கர்ஸ் டஜன்னா 13னு சொல்றாங்களே அது மெய்யாலுமா, கடைசியா 'எ டஜன் எக்ஸ்', அதாவது ஒரு டஜன் முட்டை, அது கூட இஸ் வருமா ஆர் வருமா. நாலு கேள்வி. நான் காட்பாடில இங்கிலீஷ் கிளாஸ் எடுக்கறேன், இந்த டஜன்ல மாட்டிக்காத பசங்க ரொம்ப கம்மி, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

தம்பி, முதல்ல ஒண்ணு புடிச்சிக்கோங்க. டஜன் பாக்க ஒரே வார்த்தை தான், ஆனா ரெண்டு வேலை செய்யுது. ஒண்ணு எண்ணிக்கை சொல்றது, சரியா பன்னெண்டு. இன்னொண்ணு எண்ணாமலே 'நெறைய இருந்துச்சு'ன்னு சொல்றது. இப்ப எந்த வேலை செய்யுதுன்னு டஜனை மட்டும் உத்து பாத்தா தெரியாது, அதுக்கு முன்னாடி யாரு நிக்கறாங்க பின்னாடி யாரு நிக்கறாங்கன்னு பாக்கணும். உங்க நாலு கேள்வில மூணு இதுலயே தீந்துடும்.

முன்னாடி ஒரு எண் நின்னுச்சுன்னா டஜனும் ஒரு எண்ணு மாதிரியே நடந்துக்கும். எஸ் சேராது, ஆஃப் சேராது. டூ டஜன் பனானாஸ், திரீ டஜன் பேங்கிள்ஸ், டென் டஜன் நோட்புக்ஸ். ஹண்ட்ரடும் தௌசண்டும் இதே குடும்பம் தான், 'டூ ஹண்ட்ரட் ருபீஸ்'னு தான சொல்றோம், டூ ஹண்ட்ரட்ஸ் ருபீஸ்னு யாரும் சொல்றதில்ல, ஆனா டஜன்னு வந்தா மட்டும் கை தானா போய் எஸ் போட்டுடுது. ஏன்னா ஹண்ட்ரடை எண்ணுன்னு மனசுல வெச்சிருக்கோம், டஜனை ஒரு பொட்டலம்னு வெச்சிருக்கோம், ரெண்டு பொட்டலம்னா டூ பாக்கெட்ஸ், அப்போ ரெண்டு டஜன்னா டூ டஜன்ஸ், அதுக்கு பின்னாடி ஆஃப் வேற, 'டூ டஜன்ஸ் ஆஃப் எக்ஸ்'னு முழுசா தப்பா வந்து நிக்கும். மில்லியன், லேக், க்ரோர் எல்லாத்துக்கும் இதே சட்டம் தான்னு வெச்சிக்கோங்க, 'ஃபைவ் லேக் ருபீஸ்', எஸ் இல்ல.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு, எல்லா பேட்ச்லயும் இதை சொல்லுவேன். நீங்க தமிழ்ல எப்படி பேசறீங்களோ அதே தான் இங்கிலீஷோட விதியும். வேலூர் நேதாஜி மார்க்கெட்ல போய் 'ரெண்டு டஜன் பழம் குடுங்க'ன்னு கேப்பீங்க, 'ரெண்டு டஜன்கள்'னு யாராவது கேட்டு பாத்திருக்கீங்களா? 'ரெண்டு டஜனோட பழம்'னு தான் கேப்பாங்களா? இல்லயே. ரெண்டு, டஜன், பழம், மூணு வார்த்தை வரிசையா நிக்குது, நடுவுல ஒண்ணுமில்ல. அதை அப்படியே இங்கிலீஷ்ல நிக்க வெச்சா டூ, டஜன், பனானாஸ். ஒரே ஒரு வித்தியாசம், தமிழ்ல எண்ணுக்கு அப்பால 'பழம்'னு ஒருமைலயே விட்டுடலாம், இங்கிலீஷ்ல கடைசி வார்த்தைக்கு எஸ் கட்டாயம். அதே நேரம் 'டஜன் கணக்குல ஜனங்க வந்தாங்க'ன்னும் நாம சொல்றோம் பாருங்க, அங்க 'கணக்குல'ன்னு ஒண்ணு ஒட்டுது. இங்கிலீஷ்ல அந்த 'கணக்குல'வோட வேலையை செய்றது தான் எஸ்ஸும் ஆஃபும், 'டஜன்ஸ் ஆஃப் பீப்பிள்'. அப்போ பரிச்சைல குழப்பம் வந்தா மனசுக்குள்ள தமிழ்ல சொல்லி பாருங்க, 'டஜன்'னு மட்டும் வந்தா எஸ் இல்ல ஆஃப் இல்ல, 'டஜன் கணக்குல'ன்னு வந்தா எஸ்ஸும் ஆஃபும் ரெண்டுமே வரும். தமிழ்ல யோசிச்சா இங்கிலீஷ் வராதுன்னு நெறைய பேர் சொல்லுவாங்க, இந்த இடத்துல தமிழ்ல யோசிச்சா தான் சரியா வருது.

எண்ணுக்கு பதிலா சில வார்த்தைங்க முன்னாடி நிக்கும், செவரல், எ ஃப்யூ, மெனி, இந்த மாதிரி. இதுங்களும் எண்ணோட கட்சி தான். செவரல் டஜன் ஸ்டூடண்ட்ஸ், எ ஃப்யூ டஜன் பேஷண்ட்ஸ். எத்தனைன்னு கறாரா தெரியலன்னாலும் எண்ணோட இடத்துல நிக்கறதால எஸ் வராது, இங்க தான் நல்லா படிக்கிற பசங்களே விடறாங்க, 'செவரல்னா பல, பலன்னா பன்மை, அப்போ டஜன்ஸ்'னு ஒரு லாஜிக் போட்டுடறாங்க. 'ஹவ் மெனி டஜன் டூ யூ வாண்ட்'னு கேக்கும்போதும் அப்படித்தான். 'எ கப்புள் ஆஃப் டஜன்'ல நடுவுல ஒரு ஆஃப் வருதேன்னு நெனைக்காதீங்க, அது கப்புளோட ஆஃப், டஜனோடது இல்ல.

டஜனுக்கு பின்னாடி ஆஃப் வரக்கூடிய இடம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடணும், இல்லன்னா 'ஆஃபே வரக்கூடாது'ன்னு மனப்பாடம் பண்ணிட்டு வேற இடத்துல மார்க் போயிடும். ஏற்கனவே எதுன்னு தெரிஞ்ச கூட்டத்துல இருந்து எடுக்கும்போது ஆஃப் வேணும். 'டூ டஜன் ஆஃப் தோஸ் மேங்கோஸ்', 'எ டஜன் ஆஃப் ஹிஸ் ஃபிரண்ட்ஸ்', 'ஹாஃப் எ டஜன் ஆஃப் தெம்'. தீஸ், தோஸ், தி, மை, ஹிஸ், தெம், இதுல எதாவது பின்னாடி இருந்தா ஆஃப். அப்பவும் டஜனுக்கு எஸ் கெடையாது. கடைல அடுக்கி வெச்சிருக்கறதை கையை காட்டி 'அந்த மாம்பழத்துல ரெண்டு டஜன்'னு சொல்றோம்ல, அந்த 'த்துல' தான் இந்த ஆஃப்.

இப்ப பேப்பர் நியூஸுக்கு வருவோம். டஜன்ஸ் ஆஃப்னா எத்தனை? கறாரான பதில் கெடையாது, வேணும்னே கறார் இல்லாம வெச்சிருக்கற வார்த்தை அது. எழுதறவருக்கு சரியான எண்ணிக்கை இன்னும் வரல, இல்லன்னா வந்திருக்கு ஆனா அந்த இடத்துல முக்கியமில்ல, பத்து பன்னெண்டை தாண்டிடுச்சுன்னு மட்டும் நிச்சயம், அப்போ டஜன்ஸ் ஆஃப்னு போடுவாங்க. எஸ் இருக்கறதால ஒரு டஜனுக்கு மேல, அதாவது சாதாரணமா இருபதுக்கு மேலன்னு எடுத்துக்கலாம், மேல் பக்கம் நூறை தொட்டுடுச்சுன்னா ஹண்ட்ரட்ஸ் ஆஃப்னு மாறிடும், அதுக்குள்ள எங்க வேணா இருக்கலாம். முப்பது பேரா இருந்தாலும் டஜன்ஸ், எழுபது பேரா இருந்தாலும் டஜன்ஸ். நடுவுல 'ஸ்கோர்ஸ் ஆஃப்'னு இன்னொண்ணு வரும், ஸ்கோர்னா 20, ஸ்கோர்ஸ்னா அதுவும் 'நெறைய' தான், டஜன்ஸை விட கொஞ்சம் தூக்கலா கேக்கும். இந்த ஸ்கோர் எண்ணிக்கையா வந்த எடமும் உண்டு, ஆபிரகாம் லிங்கன் 1863ல கெட்டிஸ்பர்க்ல பேசும்போது ஃபோர் ஸ்கோர் அண்ட் செவன் இயர்ஸ்னு ஆரம்பிச்சார், நாலு இருபது எண்பது, கூட ஏழு, 87 வருஷம், 1863ல 87 போனா 1776, அமெரிக்கா சுதந்திரம் அறிவிச்ச வருஷம். பாருங்க, அங்க முன்னாடி ஃபோர் நிக்குது, அதனால ஸ்கோருக்கு எஸ் இல்ல. அதே விதி.

காம்ப்ரிஹென்ஷன்ல இதை வெச்சு ஒரு பொறி வெப்பாங்க. பாராவுல 'டஜன்ஸ் ஆஃப் ஷாப்ஸ் வேர் க்ளோஸ்ட்'னு இருக்கும், கீழ ஆப்ஷன்ல 'ட்வெல்வ் ஷாப்ஸ் வேர் க்ளோஸ்ட்'னு ஒண்ணு இருக்கும், அவசரத்துல டஜன்னா 12னு டிக் அடிச்சிட்டு வந்துடுவாங்க. அது தப்பு. 'ட்வெண்டி ஃபோர்'னு இருந்தாலும் தப்பு. 'மெனி ஷாப்ஸ்'னு இருந்தா அதுதான் சரி. தமிழ்ல மொழிபெயர்க்கும்போதும் 'பல டஜன் பேர் காயம்'னு எழுதறதை விட 'ஏராளமானோர் காயம்', 'பலர் காயம்'னு எழுதறது தான் நமக்கு இயல்பு, நம்ம பேச்சுல ஆளுங்களை டஜன்ல எண்ணுற பழக்கமே இல்ல, பத்து பேரு, அம்பது பேரு, நூறு பேரு, இப்படித்தான் போகும்.

அப்போ எஸ் இல்லாம 'எ டஜன்'னு வந்தா கண்டிப்பா 12 தானான்னு அடுத்து கேப்பீங்க. கடைல கண்டிப்பா 12. வெலை சொல்லி விக்கற இடத்துல பதினொண்ணு குடுத்தா சண்டை தான் வரும். ஆனா பேச்சுல 'தேர் வேர் எ டஜன் பீப்பிள் இன் தி கியூ'ன்னு ஒருத்தர் சொன்னா அவர் ஒவ்வொரு தலையா எண்ணிட்டு சொல்லல, பத்துல இருந்து பதினாலுக்குள்ள எதோ ஒண்ணு. நாம 'பத்து பன்னெண்டு பேரு நின்னாங்க'ன்னு சொல்றோமே, கிட்டத்தட்ட அதே எடை. அதே மாதிரி 'ஹாஃப் எ டஜன்' கடைல ஆறு, பேச்சுல நம்ம 'அஞ்சாறு'. நாம ரெண்டு எண்ணை பக்கத்துல பக்கத்துல வெச்சு தோராயம் காட்டறோம், நாலஞ்சு, ஏழெட்டு, பத்து பதினஞ்சுன்னு, இங்கிலீஷ்காரங்க ஒரு உருண்ட எண்ணை தூக்கி போட்டு தோராயம் காட்டறாங்க. சந்தேகமே வரக்கூடாதுன்னு நெனைச்சா 'எ டஜன் ஆர் சோ', 'அபௌட் எ டஜன்'னு சேத்து சொல்லுவாங்க, கறாரா வேணும்னா டஜனை விட்டுட்டு நேரா ட்வெல்வ்னே சொல்லிடுவாங்க. லெட்டர்லயோ ரிப்போர்ட்லயோ எண்ணிக்கை முக்கியம்னா நீங்களும் ட்வெல்வ்னே எழுதுங்க. பரிச்சைல டிஸ்க்ரிப்டிவ் பேப்பர் இருக்கறவங்களுக்கு இது உபயோகம்.

இதுலயே இன்னொரு வெளையாட்டு, 'ஃபார் தி டஜன்த் டைம்'. பன்னெண்டாவது தடவைன்னு அர்த்தமில்ல, 'எத்தனை தடவ தான் சொல்றது'ங்கற எரிச்சல் அது.

பை தி டஜன், இன் டஜன்ஸ், இந்த ரெண்டுக்கும் ஒரு வார்த்தை. 'பேங்கிள்ஸ் ஆர் சோல்ட் பை தி டஜன்'னா வளையலை டஜன் டஜனா தான் விக்கறாங்க, சில்லறையா ரெண்டு மூணு குடுக்க மாட்டாங்க. லாங்கு பஜார்ல கண்ணாடி வளையல் வாங்குனவங்களுக்கு இது தெரியும், சைஸ் சொல்லி டஜன் சொல்லணும், ரெண்டு நாலு, ரெண்டு ஆறுன்னு. அந்த ரெண்டு நாலும் சும்மா இல்ல, ரெண்டு இன்ச்சும் மேல ஒரு இன்ச்ல பதினாறுல நாலு பங்கும், அதாவது ரெண்டேகால் இன்ச் உள் விட்டம். 'இன் டஜன்ஸ்'னா பன்னெண்டு பன்னெண்டா கட்டுனது, 'பேக் தெம் இன் டஜன்ஸ்', இங்க எஸ் இருக்கு ஆஃப் இல்ல, முன்னாடி எண்ணும் இல்ல. எஸ் வந்தாலும் 'நெறைய'ன்னு அர்த்தம் ஆகாத ஒரு எடம் இது, ஞாபகம் வெச்சிக்கோங்க.

சொலவடைங்க நெறைய இருக்கு, பேங்க் எக்ஸாம்ல திரும்ப திரும்ப வர்றது மூணு. 'எ டைம் எ டஜன்', இந்த டைம் நேரம் இல்ல, டி-ஐ-எம்-இ, அமெரிக்காவோட பத்து சென்ட் காசு, அந்த காசுக்கே ஒரு டஜன் கெடைக்கும்னா மதிப்பே இல்லாம கொட்டி கெடக்குதுன்னு அர்த்தம், நம்ம ஊர்ல 'தடுக்கி விழுந்தா அதுதான்'னு சொல்ற மாதிரி. 'சிக்ஸ் ஆஃப் ஒன் அண்ட் ஹாஃப் எ டஜன் ஆஃப் தி அதர்'னா ரெண்டும் ஒண்ணு தான், எதை எடுத்தாலும் வித்தியாசமில்ல. ஆறும் அரை டஜனும் ஒண்ணு தானே. 'டாக்கிங் நைண்டீன் டு தி டஜன்' பிரிட்டன் பக்கத்து பேச்சு, மத்தவங்க பன்னெண்டு வார்த்தை பேசற நேரத்துல இவங்க பத்தொம்பது பேசிடுவாங்க, மூச்சு விடாம பேசறவங்களை சொல்றது.

சரி, இந்த பன்னெண்டு எங்க இருந்து வந்துச்சு. லத்தீன்ல டுவோடெசிம், டுவோன்னா ரெண்டு, டெசிம்னா பத்து. நம்ம பன்னிரண்டும் பத்தும் ரெண்டும் சேந்தது தான். லத்தீன் வார்த்தை ஃபிரெஞ்சுக்கு போய் தேஞ்சு தூஸ் ஆச்சு, அதுக்கு பின்னாடி '-ஏன்'னு ஒரு ஒட்டு போட்டு தூஸேன் ஆச்சு. அந்த ஒட்டுக்கு 'இத்தனை கொண்ட ஒரு கூட்டம்'னு அர்த்தம், ஃபிரெஞ்சுல இன்னைக்கும் பதினஞ்சுக்கு, இருபதுக்கு, நூறுக்கு எல்லாம் அந்த ஒட்டு போட்டு 'சுமார் இவ்வளவு'ன்னு சொல்லுவாங்க. ஆக, 'சுமார்'ங்கற குணம் டஜனுக்கு பொறக்கும்போதே இருந்திருக்கு, பேப்பர்காரங்க புதுசா குடுத்தது இல்ல. இங்கிலீஷுக்கு 1300 வாக்குல வந்துச்சு. நம்ம பக்கம் வந்து டஜன் ஆச்சு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் வீட்ல உருது பேசறவங்க தர்ஜன்னு சொல்லுவாங்க, சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வர்ற வங்காளிங்க பழக்கடைல 'டொஜோன்'னு கேப்பாங்க, கடைக்காரர் ரெண்டையும் கேட்டு அதே பன்னெண்டு பழத்தை எடுத்து குடுப்பாரு.

பத்து விரல் இருக்கும்போது ஏன் பன்னெண்டு? பங்கு போட சுலபம், அதான். பத்தை ரெண்டால பங்கு போடலாம், அஞ்சால போடலாம், அதோட சரி. பன்னெண்டை ரெண்டு, மூணு, நாலு, ஆறு எல்லாத்தாலயும் மீதி இல்லாம பங்கு போடலாம். இதோட அருமை நமக்கு சட்டுனு புரியாது, ஏன்னா நம்ம பழைய கணக்கு பாதி பாதியா ஒடைக்கிற கணக்கு, அரை, கால், அரைக்கால், வீசம், அதாவது பதினாறுல ஒண்ணு. இந்த வரிசைல மூணுல ஒரு பங்குக்கு பேரே கெடையாது. ரூபாவுக்கு பதினாறு அணா வெச்சதும் இந்த பாதி பாதி கணக்குக்கு தோதா தான் இருந்துச்சு. ஆனா அந்த அணாவுக்கு கீழ பாத்தீங்கன்னா ஒரு அணாவுக்கு 12 பை, பைன்னா அந்த காலத்து சின்ன காசு, அப்போ ஒரு ரூபாவுக்கு 192 பை. இங்கிலாந்துல ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்னி, அதே பன்னெண்டு. நம்ம நாடு 1957 ஏப்ரல் 1ல நூறு நயா பைசாவுக்கு மாறுச்சு, இங்கிலாந்து 1971 பிப்ரவரி 15 வரைக்கும் பன்னெண்டை விடல. விரலை வெச்சும் பன்னெண்டு எண்ணலாம், கட்டைவிரலால மத்த நாலு விரலோட கணுவை தொட்டுட்டு வந்தா நாலு மூணு பன்னெண்டு, நம்ம வீட்டு பெரியவங்க நாமம் சொல்லும்போது விரல் கணுவுல எண்ணறதை பாத்திருப்பீங்க.

பன்னெண்டு டஜன் சேந்தா ஒரு குரோஸ், 144. ஃபிரெஞ்சுல 'பெரிய டஜன்'னு சொல்றதுல இருந்து வந்த பேரு. பன்னெண்டு குரோஸ் சேந்தா கிரேட் குரோஸ், 1728. உங்க ஊர் குடியாத்தத்துக்கு இது ரொம்ப நெருக்கமான வார்த்தை தம்பி, தீப்பெட்டி தொழில் இருக்கற ஊராச்சே. வெள்ளைக்காரங்க காலத்துல தீப்பெட்டிக்கு வரி போட்டதே குரோஸ் கணக்குல தான், 1922ல வெளிநாட்டு தீப்பெட்டிக்கு குரோஸுக்கு ஒண்ணரை ரூபான்னு வரியை ஏத்துனாங்க, அதுக்கப்பறம் தான் இங்கயே தீப்பெட்டி செய்யறது வேகம் புடிச்சுது. குரோஸுக்கு எஸ் எப்பவுமே கெடையாது, டூ குரோஸ், டென் குரோஸ், ஆனா டஜன் மாதிரி இல்லாம பொருளுக்கு முன்னாடி ஆஃப் போடறது தான் வழக்கம், 'டூ குரோஸ் ஆஃப் பென்சில்ஸ்'.

இன்னைக்கும் டஜனை வெறும் பழைய வார்த்தைன்னு ஒதுக்க முடியாது. ஜிஎஸ்டி பில்லுல பொருளோட அளவுக்கு மூணு எழுத்து குறியீடு போடணும்ல, அந்த பட்டியல்ல டஜனுக்கு டி-ஓ-இசட், குரோஸுக்கு ஜி-ஆர்-எஸ், ஜோடிக்கு பி-ஆர்-எஸ்னு இருக்கு, கிரேட் குரோஸுக்கு கூட தனியா ஒண்ணு இருக்கு. ஆனா கடைல நாம வாங்கற பொட்டலத்து மேல மட்டும் எண்ணிக்கையை டஜன்னோ ஸ்கோர்னோ குரோஸ்னோ போடக்கூடாதுன்னு 2011 பொட்டலப் பொருள் விதிகள்ல இருக்கு, 12னு எண்ணாவே போடணும். வாங்கறவருக்கு எத்தனைன்னு சந்தேகமே வரக்கூடாதுன்னா அதுதான் சரி, எனக்கு அந்த விதி நியாயமா தான் படுது. முட்டைக்கடைல வேற டஜன் போன எடம் தெரியல, மொத்தமா வாங்கறதெல்லாம் அட்டை கணக்கு, ஒரு அட்டைல அஞ்சுக்கு ஆறு முப்பது, அதாவது ரெண்டரை டஜன். ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனில வேலை பாக்கறவங்க இன்னொண்ணு சொல்லுவாங்க, கையுறை ஆர்டர்ல 'டஜன் பேர்ஸ்'னு வரும், அது பன்னெண்டு கையுறை இல்ல, பன்னெண்டு ஜோடி, 24. எக்ஸ்போர்ட் வேலைக்கு போறவங்க இதை தெரிஞ்சு வெச்சிக்கணும், பாதி சரக்கு அனுப்பிட்டு நிக்கக்கூடாது.

பேக்கர்ஸ் டஜன் 13, மெய்தான். இங்கிலாந்துல மூணாம் ஹென்றி ராஜா காலத்துல, 1266ன்னு சொல்ற ஒரு சட்டம், ரொட்டிக்கும் பீருக்கும் சேத்து போட்டது. கோதுமை வெலையை பொறுத்து இந்த காசுக்கு விக்கற ரொட்டி இவ்வளவு எடை இருக்கணும்னு கட்டுப்பாடு. எடை கொறைஞ்சா அபராதம், அதுக்கும் மேல போனா ஊர் நடுவுல மரச்சட்டத்துல கழுத்தையும் கையையும் மாட்டி நிக்க வெச்சிடுவாங்க. அடுப்புல வேகும்போது ஒவ்வொரு ரொட்டியும் ஒரே மாதிரி வராது, ஒண்ணு ரெண்டு எடை கொறையும், அதனால டஜனுக்கு ஒண்ணு சேத்து குடுத்துட்டா வம்பு இல்லன்னு குடுத்தாங்கன்னு ஒரு வெளக்கம். இன்னொரு வெளக்கம், ரொட்டியை வாங்கி தெருத்தெருவா விக்கறவங்களுக்கு பன்னெண்டுக்கு காசு வாங்கிட்டு பதிமூணா குடுத்தாங்க, அந்த ஒண்ணு தான் அவங்க லாபம்னு. எனக்கு ரெண்டாவது தான் பொருத்தமா படுது, ஏன்னா எடை கொறையற பயம்னா ரொட்டியை கொஞ்சம் பெருசா பண்ணா போதும், எண்ணிக்கையை கூட்ட வேண்டியதில்ல. எப்படியோ, நீங்க வெச்சிக்க வேண்டியது இவ்வளவு தான், பேக்கர்ஸ்னு முன்னாடி வந்தா மட்டும் 13, சும்மா டஜன்னா ஒருநாளும் 13 இல்ல.

கடைசி கேள்வி, இஸ்ஸா ஆரா. 'எ டஜன் எக்ஸ்'ல 'எ'ன்னு ஒருமை மாதிரி தெரியறதால இஸ் போட்டுடறாங்க. முட்டைங்களை பத்தி பேசறோம்னா ஆர் தான், 'எ டஜன் எக்ஸ் ஆர் ப்ரோக்கன்', ஒடைஞ்சது முட்டைங்க, டஜன் ஒடையல. 'டஜன்ஸ் ஆஃப் பீப்பிள் வேர் வெயிட்டிங்', இதுவும் பன்மை. ஆனா மொத்தமா ஒரு அளவா, ஒரு வெலையா பேசும்போது ஒருமை வரும், 'எ டஜன் இஸ் இனஃப்', ஒரு டஜன் போதும். ஆப்ஷன்ல ரெண்டுமே இருந்தா வாக்கியம் பொருளுங்களை பத்தியா, அளவை பத்தியான்னு பாருங்க, உடையறது, தொலையறது, வர்றது, நிக்கறதுன்னு எதாவது நடந்தா பொருளுங்க தான், ஆர். ஹாஃபோட சேரும்போது 'ஹாஃப் எ டஜன்'னும் எழுதலாம், 'எ ஹாஃப் டஜன்'னும் எழுதலாம், ரெண்டும் சரி, முதல்ல சொன்னது அதிகமா வரும். 'ஹாஃப் டஜன் ஆஃப் எக்ஸ்'னு ஆப்ஷன்ல பாத்தா அதை விட்டுடுங்க, பின்னாடி தியும் தோஸும் இல்லாம ஆஃப் வர காரணமில்ல.